ஆற்றுக்குள் எட்டிப் பார்த்தவர்

நட்டு 60 நாள் ஆன நெல் வயல். வரப்பில் நின்று பார்க்கிறீர்கள். நடுவில் அங்கங்கே பயிர் வெளிறி, மஞ்சள் தட்டியிருக்கிறது. முதலில் என்ன தோன்றும்? தழைச்சத்துக் குறை என்றுதான் தோன்றும்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு விவசாயி போனில் அழைத்து, பயிர் மஞ்சளாகிறது ஐயா, என்ன செய்யலாம் என்று கேட்டார். யூரியா கொஞ்சம் மேலுரமாகப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். பத்து நாள் கழித்து அவர் மறுபடி அழைத்தபோதுதான் நேரில் போனேன். மஞ்சளாக இருந்த இடமெல்லாம் வட்ட வட்டமாகத் தீய்ந்து கிடந்தது. தூரைப் பிரித்தால், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே புகையான் அப்பிக் கிடக்கிறது. தழைச்சத்து கூடினால் புகையானும் கூடும் என்பது வேளாண் கல்லூரியில் முதலிலேயே சொல்லித் தரும் பாடம். பாடம் எனக்குத் தெரியும். வயலைத்தான் நான் பார்க்கவில்லை. அந்த மனிதர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு சில காலம் கழித்து ஒரு பழைய ஆங்கிலப் புத்தகம் கைக்கு வந்தது. பயிரைப் பற்றியது அல்ல, தூண்டில் போடுவதைப் பற்றியது. எழுதியவர் பெயர் ஆல்ஃபிரட் ரொனால்ட்ஸ். தூண்டில்காரர்கள் நடுவே உலகம் முழுக்க அறியப்பட்ட பெயர். பூச்சியையும் மீனையும் அவர் பார்த்த விதத்தைப் படித்தபோது, அந்த மஞ்சள் வயல்தான் என் கண் முன்னால் வந்தது. இந்த வாரம் அவர் கதையைச் சொல்கிறேன். மீன் பிடிக்கிற ஆசை இல்லாதவர்களும் கடைசி வரை வாருங்கள்.

அது என்ன மீன், என்ன தூண்டில்?

டிரவுட் நீலகிரிக்காரர்களுக்குப் பழக்கமான பெயர். அவலாஞ்சிப் பக்கத்துக் குளிர்ந்த ஓடைகளில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டது. சமவெளியில் வாழாது. தண்ணீர் 20 டிகிரிக்கு மேல் சூடானாலே தவிக்க ஆரம்பித்துவிடும். ஓடுகிற, தெளிந்த, காற்று கலந்த தண்ணீர் வேண்டும். நம் கெண்டை போல மேய்ந்துகொண்டு திரியாது. ஆற்றில் ஓரிடம் பிடித்து, வரும் தண்ணீருக்கு எதிராக முகத்தை வைத்துக்கொண்டு நிற்கும். தண்ணீர் கொண்டுவரும் பூச்சி, புழுவை நின்ற இடத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். இந்த ஊர் டிரவுட் அமெரிக்க வகை. ரொனால்ட்ஸ் பார்த்தது ஐரோப்பாவின் பழுப்பு டிரவுட். குணம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

நாம் தூண்டிலில் மண்புழு கோப்போம். டிரவுட் பிடிப்பவர்களில் ஒரு சாரார் அதைச் செய்யமாட்டார்கள். தூண்டிமுள்ளில் சேவல் கழுத்து இறகு, பட்டு நூல், முயல் அல்லது அகழெலியின் ரோமம் இவற்றைச் சுற்றிக் கட்டி, ஈ போல ஒன்றைச் செய்வார்கள். எடையே இல்லாத அந்தச் செயற்கை ஈயைக் கல் எறிவது போல எறிய முடியாது. அதனால் நூலுக்குக் கனம் வைத்து, நீண்ட கழியைச் சாட்டை போல முன்னும் பின்னும் வீசி, நூல் காற்றில் விரிந்து போய் ஈயை மெதுவாகத் தண்ணீரில் இறக்கும்படி செய்வார்கள். ரொனால்ட்ஸ் காலத்தில் நூல் குதிரை வால் மயிராலும் பட்டாலும் ஆனது. ஈயை ஒட்டிய கடைசித் துண்டு மட்டும் மீன் கண்ணில் படாதபடி மெல்லியதாக இருக்க வேண்டும். அதற்குப் பயன்பட்டது பட்டுப்புழு. கூடு கட்டப் போகும் தருணத்தில் புழுவை எடுத்து வினிகரில் ஊறப்போட்டு, அதன் பட்டுச் சுரப்பியை வெளியே எடுத்து இழுத்தால் ஒரே கம்பியாக நீளும். காய்ந்ததும் கண்ணாடி போல இருக்கும். நைலான் வரும்வரை இதுதான். பட்டுப்புழு வளர்க்கும் நண்பர்களே, இப்படியும் ஒரு சந்தை உங்கள் புழுவுக்கு இருந்திருக்கிறது.

ஈ பொய்யானது என்பதால், எந்த ஈ, எந்த மாதம், எந்த நிறம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அன்றைய தினம் ஆற்றில் வரும் பூச்சி ஒன்றாகவும் நீங்கள் கட்டிய ஈ வேறாகவும் இருந்தால் மீன் திரும்பியே பார்க்காமல் போகலாம். அந்தக் காலத்தில் இந்த அறிவெல்லாம் வாய்வழியாகத்தான் இருந்தது. ஒரே பூச்சிக்கு ஆற்றுக்கு ஆறு வேறு பெயர். வேறு வேறு பூச்சிகளுக்கு ஒரே பெயர். ஒரு பள்ளத்தாக்கில் மீன் பிடித்த ஈயை அடுத்த பள்ளத்தாக்குக்காரரிடம் சொன்னால், அவர் வேறொன்றைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார். கருகல் என்று ஊருக்கு ஊர் எதை எதைச் சொல்கிறார்கள் என்று அலைந்து பார்த்த விரிவாக்கப் பணியாளர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பாலாடைக்கட்டி வியாபாரி வீட்டுப் பிள்ளை

ரொனால்ட்ஸ் 1802இல் லண்டனில் பிறந்தார். அப்பா பாலாடைக்கட்டி மொத்த வியாபாரி. பெரிய குடும்பம், இவர் கடைசிப் பிள்ளைகளில் ஒருவர். சிறு வயதிலேயே அப்பா போய்விட்டார். உறவினர்கள் லண்டனுக்கு மேற்கே பிரென்ட்ஃபோர்டில் நாற்றுப்பண்ணை நடத்தினார்கள். ஆப்பிள் ரகங்களைப் படத்தோடு விவரித்து அந்த வீட்டிலிருந்து 1831இல் ஒரு புத்தகம் வந்திருக்கிறது. செடியையும் பூச்சியையும் பார்த்து வரைவது அந்தக் குடும்பத்துக்குப் புதிதல்ல.

இவரைவிட 14 வயது மூத்த அண்ணன் ஃபிரான்சிஸ் இன்னும் பெரிய ஆள். 1816இல் வீட்டுத் தோட்டத்தில் 8 மைல் நீளக் கம்பியை மடக்கி மடக்கிக் கட்டி, மின்சாரத்தால் செய்தி அனுப்பிக் காட்டினார். தந்தி என்று நாம் பின்னால் அறிந்த சங்கதி. பிரிட்டிஷ் கடற்படை அலுவலகத்துக்கு எழுதிப் போட்டார். தேவையில்லை என்று பதில் வந்தது. அரசு அலுவலகக் கடிதங்கள் எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது. ஐம்பது வருடத்துக்கு மேல் கழித்து, 1870இல்தான் அவருக்கு சர் பட்டம் கொடுத்தார்கள். எதையும் செய்து பார்த்துத்தான் நம்புவது என்கிற பழக்கம் அந்த வீட்டில் இருந்தது என்பதற்காக இதைச் சொன்னேன்.

ஆல்ஃபிரட் லண்டனை விட்டு இங்கிலாந்தின் நடுப்பகுதியான ஸ்டாஃபோர்ட்ஷயருக்கு வந்தார். மேய்ச்சல் நிலமும் மாடும் வேலிப் புதருமான நாடு. அங்கே பிளைத் என்று ஒரு சிறிய ஆறு. யூட்டாக்ஸிட்டர் ஊருக்குப் பக்கமாக ஓடிப் பிறகு டிரென்ட் ஆற்றில் கலக்கும். நம் கணக்கில் ஓர் ஓடைதான். 1831இல் திருமணம் முடித்துக் குடும்பமும் ஆயிற்று. தூண்டிலோடு ஆற்றங்கரையில் நின்றவருக்கு, மீனுக்கு என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்பது பற்றி எல்லோரும் ஆளுக்கொன்று சொல்வது பொறுக்கவில்லை. மற்றவர்கள் கரையில் நின்று வாதாடினார்கள். இவர் ஒரு குடில் கட்டினார்.

எட்டு மூலைக் குடில்

குடில் ஆற்றின் மேல் நீட்டிக்கொண்டு நின்றது. எட்டு பக்கம், மூன்று சன்னல். சன்னல்கள் தண்ணீருக்கு நாலரை அடி உயரத்தில் இருந்தன. நடுச் சன்னலுக்கு நேர் கீழே வேகமாக ஓடும் தண்ணீர். மற்ற இரண்டுக்கும் கீழே சுழல் விழும் அமைதியான இடங்கள். சன்னலுக்குத் திரை போட்டு, திரையில் ஓட்டை வைத்தார். பார்ப்பவரை மீன் பார்க்கக் கூடாது. குடிலுக்கு வரும் வழியில் ஆள் நடமாட்டம் தெரியாதிருக்க மண்ணைக் கொட்டி அணை போல ஒரு கரை எழுப்பினார். உள்ளே போய் உட்கார்ந்தார்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். பார்க்கிற ஆளால் பார்க்கப்படும் பொருள் மாறிவிடக் கூடாது என்பதற்காக ஒரு மனிதர் மண்மேடு போடுகிறார். ஆராய்ச்சிப் பண்ணையில் சோதனைப் பாத்திகளைச் சுற்றி நான்கு வரிசை கூடுதலாக விதைத்து, ஓர வரிசைகளை எடுக்காதே என்று மாணவர்களிடம் நாங்கள் கத்துவதும் இதே காரணத்துக்காகத்தான். ரொனால்ட்ஸுக்கு அதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

முதல் கேள்வி, மீனுக்குக் காது கேட்குமா? ஆற்றங்கரையில் பேசாதே என்று தூண்டில்காரர்கள் ஒருவரையொருவர் அதட்டுவார்கள். ரொனால்ட்ஸ் தன் நண்பரான ஒரு பாதிரியாரிடம் துப்பாக்கியைக் கொடுத்து, மீனின் பார்வைக்குப் படாத இடத்திலிருந்து சுடச் சொன்னார். தான் ஓட்டை வழியே, தண்ணீர் மட்டத்துக்கு அரையடிக்குள் நின்ற ஒரு டிரவுட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெடி வெடித்தது. மீன் அசையவில்லை. திரும்பத் திரும்பச் செய்தும் அதேதான்.

இதை வைத்து மீனுக்குக் காதே இல்லை என்று முடிவு கட்டினால் தப்பு. காற்றில் வரும் சத்தம் தண்ணீரில் பட்டுப் பெரும்பகுதி திரும்பிப் போய்விடுகிறது. தண்ணீருக்குள் எழும் சத்தமும் கரையில் தொம் தொம் என்று நடக்கும் அதிர்வும் மீனுக்கு நன்றாகவே தெரியும். தலைக்குள் காதும், உடலின் இரு பக்கமும் அதிர்வை அறியும் கோடும் அதற்கு உண்டு. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு, அதாவது கரையில் பேசினால் மீன் ஓடுமா என்பதற்கு, அவர் கண்டது சரியான பதில்தான். பேசலாம். மிதித்து நடக்கத்தான் கூடாது.

அடுத்தது ருசி. செத்த வீட்டு ஈக்களை ஒரு தகரக் குழாயில் வைத்து ஊதி, மீன் முன்னால் விழவைத்தார். எடுத்துக்கொண்டது. பிறகு தேன் தடவிய ஈ. எடுத்துக்கொண்டது. பிறகு மிளகாய்த் தூளும் கடுகுச் சாந்தும் அப்பிய ஈ. அதையும் அதே டிரவுட்கள் மறுபடி மறுபடி எடுத்துக்கொண்டன. தூண்டிலில் வாசனை எண்ணெய் தடவுவது, இரகசிய மசாலா பூசுவது என்று அந்நாளில் விற்றுக்கொண்டிருந்தவர்களுக்கு இது நல்ல செய்தி அல்ல. டிரவுட் இரையைத் தேர்ந்தெடுப்பது முதலில் கண்ணால்தான் என்று அவர் முடிவுக்கு வந்தார்.

அப்படியானால் அந்தக் கண்ணுக்கு என்ன தெரிகிறது? ஒரு குச்சியைக் கிணற்றுத் தண்ணீரில் சாய்த்துப் பிடித்தால் முறிந்தது போலத் தெரியுமே, அதே விஷயம். தண்ணீருக்குள் இருந்து மேலே பார்க்கும் மீனுக்கும் ஒளி வளைந்துதான் வருகிறது. அதன் தலைக்கு மேலே ஒரு வட்டச் சன்னல் போலத் திறந்திருக்கும். வெளி உலகம் முழுவதும் அந்த வட்டத்துக்குள் சுருங்கித் தெரியும். கரையில் நிமிர்ந்து நிற்கும் மனிதன், தான் மறைவாக இருப்பதாக நினைத்தாலும் மீனுக்குத் தெரிந்துவிடுவான். அதே ஆள் குனிந்தால், அல்லது தண்ணீரில் இறங்கித் தாழ்ந்து நின்றால், வட்டத்தின் விளிம்பில் மங்கி, நசுங்கி, தெரியாமல் போய்விடுவான். இதை ரொனால்ட்ஸ் கோடு போட்டு, மனிதனையும் மீனையும் வரைந்து, எவ்வளவு தூரத்தில் எவ்வளவு உயரம் தெரியும் என்று காட்டினார். தூண்டில் பிடிக்கத் தெரிந்தவர்கள் அதற்கு முன்பும் குனிந்துதான் போனார்கள். ஏன் குனிய வேண்டும் என்று படம் போட்டுத் தெளிவாகக் காட்டியவர் இவர்.

இதோடு விடவில்லை. பிடித்த மீனின் இரைப்பையை அறுத்து, உள்ளே இருந்ததை ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டுக் கலக்கிப் பிரித்துப் பார்த்தார். அன்றைக்கு அது உண்மையில் எதைத் தின்றது என்று வேறு யாரைக் கேட்க முடியும்?

வைகாசியில் எழும் பூச்சி

அவருடைய வருடத்தில் உச்சமான காலம் மே மாதக் கடைசியும் ஜூன் முதல் வாரங்களும். நமக்கு வைகாசி. இங்கே கோடை முடியும் நேரம், அங்கே தொடங்கும் நேரம். வேலிகளில் வெள்ளைப் பூ உதிர்ந்து, புல் முழங்கால் உயரம் வந்து, சூரியன் இரவு ஒன்பது மணிக்குப் பக்கத்தில்தான் இறங்கும். அப்போது ஆற்றிலிருந்து மேஃபிளை என்னும் பூச்சி எழும். முதல் மழைக்குப் புற்றிலிருந்து ஈசல் எழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதை ஆற்றிலிருந்து எழுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஈசலுக்கும் இதற்கும் உறவில்லை.

இதன் வாழ்க்கை வேடிக்கையானது. முட்டை ஆற்றின் அடியில் பொரிந்து, இளம்பூச்சி வண்டலுக்குள் குழி தோண்டிக்கொண்டு ஓரிரு வருடம் அங்கேயே கிடக்கும். வளர்ந்ததும் ஒரு பகல் வேளையில் நீந்தி மேலே வரும். நீர்ப்பரப்பில் தோல் வெடித்து, இறக்கையோடு வெளியே வரும். இறக்கை காயும்வரை, பாய் விரித்த சின்னப் படகு போல நிமிர்ந்த இறக்கையோடு மிதந்துகொண்டே போகும். டிரவுட் காத்திருப்பது இந்தச் சில நொடிகளுக்குத்தான். தப்பியது கரையோரப் புதருக்குப் பறந்து, இலைக்கடியில் ஒட்டிக்கொண்டு, அங்கே இன்னொரு முறை தோலுரிக்கும். இறக்கை வந்த பிறகும் தோலுரிப்பது பூச்சி இனங்களிலேயே இந்தக் கூட்டம் ஒன்றுதான். அதுவரை பச்சையும் மஞ்சளுமாக மங்கலாக இருந்தது, தோலுரித்ததும் கண்ணாடி இறக்கையோடு மின்னும். வாய் வேலை செய்யாது, சாப்பாடே கிடையாது. மாலையில் கூட்டமாக மேலும் கீழுமாக ஆடும், இணையும். பெண் பூச்சி தண்ணீரைத் தொட்டுத் தொட்டு முட்டையை இறக்கிவிட்டு, இறக்கையை விரித்துக்கொண்டு அப்படியே தண்ணீரில் விழும். டிரவுட்டுக்கு இரண்டாவது விருந்து.

ஆக, ஒரே பூச்சி, ஒரே வாரத்தில், மூன்று உருவத்தில் ஆற்றில் இருக்கிறது. அடியிலிருந்து நீந்தி வருவது, பாய் விரித்து மிதப்பது, இறக்கை விரித்துச் செத்து மிதப்பது. பகலில் பச்சை ஈ கட்டி மீன் பிடித்தவர், மாலையிலும் அதையே வீசிக்கொண்டு நின்றால் ஏமாந்து போவார். ஊர்க்காரர்கள் பச்சையை ஒரு பூச்சி என்றும் மாலையில் வரும் சாம்பல் நிறத்தை வேறொரு பூச்சி என்றும் தனித்தனிப் பெயர் வைத்திருந்தார்கள். இரண்டும் ஒரே பூச்சியின் இரண்டு கட்டங்கள் என்று ரொனால்ட்ஸ் எழுதினார். பச்சைக்கு, ஆண் வாத்தின் இறகைச் சாயம் தோய்த்து இறக்கை கட்டும் முறையையும் பக்கத்திலேயே கொடுத்தார்.

குருத்துப்பூச்சிக்கு மருந்தடிக்கிறேன் என்று அந்துப்பூச்சி பறக்கும் நாளில் ஒருவர் அடிப்பார், புழு தண்டுக்குள் போன பிறகு ஒருவர் அடிப்பார். இருவர் வாங்கியதும் ஒரே மருந்து, ஒரே விலை. எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்தவருக்குத்தான் பணம் வீணாகாது. விளக்குப்பொறி வையுங்கள், முட்டைக் குவியலைத் தேடுங்கள் என்று இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதியிருப்போம். மேஃபிளையைப் பற்றி இவ்வளவு நீளமாகச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த இளம்பூச்சிகள் விஷத்துக்குத் தாங்காது. இங்கிலாந்தில் ஆட்டு உண்ணிக்காகத் தொட்டியில் கலந்து ஆடுகளைக் குளிப்பாட்டிய சைபர்மெத்ரின், ஓடையில் கலந்து மைல் கணக்கில் நீர்ப்பூச்சிகளைத் துடைத்துவிட்டது. 2006இல் அந்த ஆட்டுக்குளியல் மருந்தின் விற்பனையை நிறுத்தினார்கள். அதே சைபர்மெத்ரின் பெயர் எழுதிய பாட்டில் உங்கள் ஊர் மருந்துக் கடையிலும் இருக்கிறது. பயிரில் அடித்தால் இயற்கை எதிரிகளைக் கொன்று, புகையானைப் பெருக்கிவிடும் இனத்தைச் சேர்ந்த மருந்து அது. வாய்க்காலில் டப்பாவைக் கழுவும்போது நினைவில் வையுங்கள்.

படமும் பெயரும்

1836இல் புத்தகம் வந்தது. தூண்டில்காரருக்கான பூச்சியியல் என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். 20 படத் தகடுகள். வரைந்ததும் செப்புத் தகட்டில் செதுக்கியதும் ரொனால்ட்ஸே. அச்சானதற்குக் கையால் வண்ணம் தீட்டினார்கள். மாத வாரியாக, வசந்தம் தொடங்கி இலையுதிர் காலம் வரை, 40க்கும் மேற்பட்ட பூச்சிகள். ஒவ்வொன்றுக்கும் மேலே உயிருள்ள பூச்சியின் படம், அதற்குக் கீழே அதைப் போலக் கட்டிய ஈயின் படம். ஊர்ப் பெயரோடு விஞ்ஞானப் பெயரும் உண்டு. என்ன நிறப் பட்டு, எந்தப் பறவையின் எந்த இறகு என்பதும் உண்டு.

அவருக்கு முன்பும் ஈ கட்டும் குறிப்புகள் இருந்தன. ஆனால் பூச்சியையும் ஈயையும் பக்கத்தில் பக்கத்தில் வண்ணத்தில் வைத்து, இதுதான் அது என்று ஐயமில்லாமல் காட்டிய புத்தகம் அதுவரை இல்லை. எந்த ஆற்றுக்காரரும் தன் கையிலிருக்கும் பூச்சியைப் படத்தோடு ஒப்பிட்டுப் பெயர் சொல்ல முடிந்தது. 1921 வரை புதுப் பதிப்புகள் வந்துகொண்டிருந்தன. பின்னால் வந்த ஆங்கிலத் தூண்டில் எழுத்தாளர்கள் பலரும் அவரோடு வாதாடியாவது அவரிடமிருந்து தொடங்கினார்கள். அவர் பிரித்த சில பூச்சிகள் ஒன்றே என்றும், சில பெயர்கள் பிழை என்றும் பிறகு திருத்தினார்கள். திருத்த முடிந்ததே அவர் படம் போட்டு வைத்ததால்தான்.

என் அலுவலகச் சுவரிலும் ஒரு பூச்சிப் படம் தொங்குகிறது. புகையானின் படம், தத்துப்பூச்சியின் படம், பக்கத்தில் அவை தாக்கிய பயிர். விவசாயி வந்தால் முதலில் சுவரைத்தான் காட்டுவேன். போனில் கேட்டால் தூரைப் பிரித்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வேன். இதற்கு ஒருவர் ஒருமுறை அலுத்துக்கொண்டார். அவருக்கு என் பழைய கதை தெரியாது.

மீனில்லாத நாட்டுக்கு

இவ்வளவு செய்தவர் இங்கிலாந்தில் வசதியாக வாழ்ந்து முடித்திருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. ஸ்டாஃபோர்ட்ஷயரை விட்டு வேல்ஸ் பக்கம் போனார்கள். அங்கே மனைவி இறந்துபோனார். 1848இல், 46 வயதில், தாயில்லாப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார். அந்த வயதில் மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்குவது என்றால் என்னவென்று, குத்தகை நிலத்தை விட்டு ஊர் மாறிப்போனவர்களுக்குத் தெரியும்.

தெற்கே ஜீலாங் துறைமுகம், பிறகு பாலரட். 1851இல் பாலரட்டில் தங்கம் கிடைத்து, ஆயிரக்கணக்கான பேர் மண்வெட்டியோடு ஓடி வந்தார்கள். நேற்றுவரை மேய்ச்சல் காடாக இருந்த இடம் கூடாரங்களும் குழிகளுமாக ஆயிற்று. ரொனால்ட்ஸ் அங்கே நாற்றுப்பண்ணை வைத்தார். உறவினர்கள் பிரென்ட்ஃபோர்டில் செய்த அதே தொழில். அந்த ஊரின் முதல் நாற்றுப்பண்ணை அது என்கிறார்கள். தங்கத்துக்கு வந்தவர்களும் வீடு கட்டினால் வாசலில் ஒரு செடி கேட்பார்கள் அல்லவா? 1860இல் அங்கேயே காலமானார்.

அவர் வாழ்ந்த வருடங்களில் ஆஸ்திரேலியாவின் ஓர் ஆற்றில்கூட ஒரு டிரவுட் கிடையாது. உலகத்திலேயே டிரவுட்டை அவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்த்த மனிதர், வாழ்க்கையின் கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருடங்களை அந்த மீனே இல்லாத நாட்டில் கழித்திருக்கிறார்.

1864 ஜனவரியில் லண்டனிலிருந்து நார்ஃபோக் என்ற கப்பல் கிளம்பியது. அதில் பனிக்கட்டிகளுக்கு நடுவே, பாசியில் பொதிந்து, சால்மன் முட்டைகளோடு பழுப்பு டிரவுட் முட்டைகளும் இருந்தன. மூன்று மாதம் வெப்பக் கடலைத் தாண்டி மெல்போர்னுக்கு வந்து, அங்கிருந்து டாஸ்மேனியாவின் பிளென்டி ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனார்கள். அந்த மே மாதம் குஞ்சு பொரித்தது. தென்பாதி உலகில் பொரித்த முதல் டிரவுட் குஞ்சுகள் அவை. ரொனால்ட்ஸ் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது.

1870இல் பாலரட்டிலும் மீன் வளர்க்க ஒரு சங்கம் அமைத்து, குஞ்சு பொரிக்கும் தொட்டிகள் கட்டி, ஊருக்குள் இருக்கும் வென்டூரி ஏரியில் டிரவுட் விட்டார்கள். இன்றும் அந்த ஏரியில் டிரவுட் உண்டு. ஆஸ்திரேலிய மேஃபிளையும் அங்கே எழுகிறது. அது எழும் மாலைகளில் தூண்டில்காரர்கள் கரையோரத்தில் இறங்கித் தாழ்ந்து நின்று, தண்ணீரில் மிதப்பது எந்தக் கட்டம் என்று முதலில் குனிந்து பார்க்கிறார்கள்.